வரைபடத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லை

தென்காசி மாவட்டத்தில் 2019 நவம்பர் 22-ஆம் தேதிக்கு முன்னால் ஒருவருக்குக்கூட டெங்கு வந்ததில்லை. மலேரியா இல்லை, காலரா இல்லை, அம்மை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். மாவட்டவாரிப் புள்ளிவிவரம் எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்திய பக்கங்களில் தென்காசி மாவட்டம் என்ற பெயரே கிடையாது. பெயரே இல்லாத மாவட்டத்துக்கு நோய் எப்படி வரும்? அன்றைக்குத்தான் திருநெல்வேலியிலிருந்து பிரித்து, ரிப்பன் வெட்டி, மாவட்டமாக்கினார்கள். ரிப்பனை வெட்டியே இத்தனை வியாதிகளை ஒரே நாளில் ஒழித்த ஊர் மருத்துவ வரலாற்றில் வேறு இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடையநல்லூர்க்காரர்கள் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு 2012 ஞாபகம் இருக்கிறது. மழைக்காலத்து நோய் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த டெங்கு, அந்த வருஷம் மே மாத வெயிலிலேயே அந்த வட்டாரத்தைப் பிடித்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தென்காசிக்கு ஓடினார்கள். தட்டணு இறங்கிக்கொண்டே போனால் அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க அரசுக் கணக்கில் 12,826 பேருக்கு டெங்கு. 66 பேர் சாவு. அதற்கு முந்தின ஆண்டு 2,501 பேர், 9 சாவு. ஒரே வருஷத்தில் ஐந்து மடங்கு. அந்த ஆண்டு முதலில் பற்றி எரிந்த இடங்களில் ஒன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டம். இன்றைய தென்காசி மாவட்டத்தின் பழைய கணக்கில் அந்தப் பிள்ளைகள் இல்லை. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் கடையநல்லூரே இல்லை. எல்லைக்கல்லை நகர்த்தியதில் அந்தச் சாவுகள் இரண்டு மாவட்டத்துக்கும் நடுவில் அநாதையாகக் கிடக்கின்றன.

இது தவறி நடந்தது என்றுதான் முதலில் யாரும் நினைப்பார்கள். பிறகு பார்த்தால், தவறாமல் நடப்பதும் இதுவே.

நோய் வரைபடத்தின் சிவப்பை அழிக்க ரப்பர் வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு கணக்குப் போடுவோம். நோயாளிகள் என் கற்பனை, வாய்ப்பாடு எல்லோருக்கும் பொது. சுமார் 90,000 பேர் இருக்கும் கடையநல்லூர் அளவு ஊரில், ஒரு மாதத்தில் 45 பேருக்கு டெங்கு என்று வையுங்கள். லட்சத்துக்கு 50. படத்தில் நல்ல சிவப்பு. அந்த 45 பேரும் பக்கத்துப் பக்கத்து இரண்டு வார்டில்தான் படுத்திருக்கிறார்கள், இரண்டிலும் சேர்த்து 5,000 பேர்தான் என்றால் லட்சத்துக்கு 900. சிவப்புக்கும் மேலே ஒரு நிறம் தேட வேண்டும். இப்போது அதே 45 பேரை மாவட்டத்தின் 14 லட்சம் பேர் மேல் பரப்பிவிடுங்கள். லட்சத்துக்கு மூன்று சொச்சம். இளம்பச்சை! ஒரு கொசு சாகவில்லை, ஒரு டிரம் கவிழவில்லை, ஒரு சாக்கடை நகரவில்லை. கோட்டுக்குக் கீழே இருந்த எண்ணை மட்டும் பெரிதாக்கினோம், ஊர் குணமாகிவிட்டது.

இந்த வித்தைக்குப் புள்ளியியல் பாடநூல்களில் தனி அத்தியாயமே உண்டு. எல்லையை எங்கே போடுகிறாயோ அதற்கேற்ப நோய் கூடும், குறையும், இடம் மாறும், ஜாக்கிரதை என்று ஆய்வாளர்கள் எழுதி வைத்தார்கள். எச்சரிக்கையாக எழுதியதை நிர்வாகம் செய்முறைக் குறிப்பாகப் படித்துக்கொண்டது.

அந்த 14 லட்சத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது 2011-இல் எண்ணியது, மாவட்டம் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னால். 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு அந்த ஆண்டு நடக்கவில்லை, 2027-க்குத் தள்ளிப்போயிற்று. வளைகுடாவுக்குப் போனவர், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், புதிதாகப் பிறந்தவர், போய்ச் சேர்ந்தவர் எல்லோரும் கணக்கில் 2011-ஆம் ஆண்டு போலவே நிற்கிறார்கள். காய்ச்சல் மட்டும் இந்த வாரத்துக் காய்ச்சல்.

ஓர் ஆய்வுக் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள், எதற்கும் பொருந்தும்.

“சார், இந்த ரெண்டு வார்டும் சிவப்பா வருது சார்.”

“வார்டு வாரியா யாரு போடச் சொன்னது? வட்டார வாரியா போடுங்க.”

“போட்டுப் பாத்தேன் சார். ஆரஞ்சு வருது.”

“மாவட்ட வாரியா?”

“பச்சை சார்.”

“அதை மேல அனுப்புங்க. இதுல கார்டு டெஸ்ட் பாசிட்டிவ் எல்லாம் சேத்திருக்கா?”

“இல்ல சார், எலைசா வந்தது மட்டுந்தான்.”

“குட்.”

டீயும் முந்திரிப்பருப்பும் வருகின்றன. கூட்டம் இனிதே முடிகிறது.

கார்டு டெஸ்ட்டை ஏன் சேர்ப்பதில்லை என்பதற்கு நியாயம் இருக்கிறது. அந்த அட்டைப் பரிசோதனை சில நேரம் தப்பாகக் காட்டும். ஆகவே எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் உறுதியானதையே டெங்கு என்று எண்ண வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். நல்லது. ஆனால் நடுராத்திரி நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலோடு தனியார் கிளினிக்குக்குப் போகிறவருக்கு அட்டைதான் வைக்கிறார்கள். அட்டையில் கோடு விழுகிறது. டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், பில் போடுகிறார்கள், பிழைத்தால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எலைசாவுக்கு அவருடைய ரத்தம் போவதே இல்லை. போகாத ரத்தம் உறுதியாவது எப்படி? மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாத நோயாக அது முடிந்துவிடுகிறது. மறுநாள் பத்திரிகையில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று வருகிறது. இதில் மர்மம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நோய் எங்கே விழுகிறது என்று எண்ணி, இடம் பார்த்துக் காரணத்தைப் பிடித்து, ஊர்ப்படத்தில் குறித்துக் காட்டுவது பழைய கலை. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து 616 பேர் செத்தபோது டாக்டர் ஜான் ஸ்னோ செய்தது அதைத்தான். வீடு வீடாக விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் குடித்த தண்ணீர் ஒரே அடிபம்பிலிருந்து வந்தது என்று காட்டினார். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நோய் அதற்குள்ளேயே இறங்குமுகம்தான் என்பதை ஸ்னோவே மறைக்கவில்லை. நோய் அடங்கியதும் அதிகாரிகள் கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். சுகாதார வாரியத்துப் பெரியவர்கள் அவர் சொன்னதை ஏற்கவும் இல்லை. அலுவலகம் என்பது எல்லா ஊரிலும் அலுவலகம்தான் போலிருக்கிறது.

நம் பொதுச் சுகாதார மேடைகளில் ஸ்னோவை மேற்கோள் காட்டாத பேச்சாளர் அரிது. ஆனால் திருநெல்வேலிச் சீமைக்கு இந்தக் கலையைச் சொல்லித்தர லண்டன் வர வேண்டியதில்லை. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளை ஒரு கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. காரணம் கண்டுபிடிக்கச் சென்னை அரசாங்கம் டாக்டர் ஒயிட்லா எயின்ஸ்லி தலைமையில் ஒரு குழு போட்டது. அந்தக் குழுவின் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சாயிற்று. அதன் தலைப்பிலேயே மருத்துவம், புவியியல், வேளாண்மை மூன்றும் இருக்கின்றன. அதாவது, காய்ச்சலைப் பார்க்க வேண்டுமானால் மண்ணையும் தண்ணீரையும் பயிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனி ஆட்சிக்கே தெரிந்திருந்தது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். அதுவரை கெட்ட காற்றின் மேல் பழி போட்டார்கள், அது வேறு கதை. காய்ச்சல் இங்கே வாரிக்கொண்டு போனபோது ஜான் ஸ்னோ பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1813.

மேடையில் ஸ்னோ பெயரைச் சொல்லிவிட்டு, நடைமுறையில் நம்மவர்கள் பின்பற்றுவது இன்னொரு வெள்ளைக்காரரை. ஜேம்ஸ் பிரைடன் என்று ஒருவர். இந்திய அரசாங்கத்தின் சுகாதார ஆணையருக்குப் புள்ளியியல் அதிகாரி. அட்டவணை மேல் அட்டவணையாகப் போட்டு, காலராவைப் பருவக்காற்று சுமந்துகொண்டு போகிறது என்று 1869-இல் நிறுவிவிட்டார். அவருடைய மேலதிகாரி கன்னிங்ஹாமும் காலரா தண்ணீரில் பரவுகிறது, ஆளுக்கு ஆள் தொற்றுகிறது என்பதையெல்லாம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் கப்பல்களைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்த வருஷமும் 1869-தான். கப்பல் நின்றால் காசு நிற்கும். காற்றின் மேல் பழி போட்டால் யாருக்கும் செலவில்லை. காற்றுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, காற்றை இடமாற்றம் செய்ய முடியாது. இன்றைக்கு ‘பருவநிலை மாற்றத்தால் காய்ச்சல்’ என்று அறிக்கை விடும்போதெல்லாம் பிரைடன் துரை எங்கிருந்தோ தலையாட்டுவார்.

பருவநிலைக்கும் டெங்குவுக்கும் சம்பந்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2012 மே மாத வெயிலில் கொசு எங்கே முட்டை போட்டது? மழை இல்லை, குட்டை இல்லை, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. வீட்டுக்குள்தான் போட்டது. டிரம்மில், சிமெண்டுத் தொட்டியில், சின்டெக்ஸில், மூடி சரியில்லாத குடத்தில். ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது; நாம் குடிக்கச் சேர்த்துவைத்த நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். குழாயில் தண்ணீர் விடுகிற இடைவெளி பல ஊர்களில் ஒரு வாரத்தைத் தாண்டுகிறது. அதாவது முறை வைத்துத் தண்ணீர் விடுகிற கால அட்டவணையும் கொசுவின் பிரசவ அட்டவணையும் நாள் பிசகாமல் ஒத்துப்போகின்றன.

நம் பக்கத்து ஊர் ஒன்றில் போன சாரல் மாதம் பார்த்ததைச் சொல்கிறேன். கொசுப்புழு ஒழிப்புக்கு வரும் தினக்கூலிப் பெண், கையில் டார்ச்சும் நோட்டும். வீட்டு முற்றத்தில் நீல டிரம். மூடியைத் தூக்கி, டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். கீழே நூல்துண்டு போலப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து, வெளிச்சம் பட்டதும் மறுபடி அடியில் இறங்கின. அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, நோட்டைத் திறந்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆச்சி விடவில்லை.

“ஏ பிள்ள, தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா விடுதாவன்னு ஒன் நோட்டுல எழுதியிருக்கியா?”

“அதுக்குக் கட்டம் இல்ல ஆச்சி. புழு இருக்கா இல்லியான்னு மட்டுந்தான் எழுதணும்.”

“பத்து நாளைக்கு ஒருக்கா விட்டா டிரம்முல பிடிக்காம வாயிலயா பிடிச்சு வைக்க முடியும்? அத எழுது மொதல்ல.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, ‘புழு உண்டு’ என்று எழுதிக்கொண்டு, சுவரில் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிரிட்ஜின் பின்தட்டு வரை பார்க்கிறவள் அவள்தான். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்று ஒரு குறியீடு தயாராகிறது. அந்தக் குறியீட்டில் குற்றவாளி யார்? ஆச்சி. டிரம்மை மூடாத ஆச்சிக்கு அபராதம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பார்கள். பத்து நாள் தண்ணீர் விடாதவருக்கு எந்தக் கட்டத்திலும் பெயர் இல்லை. லண்டனில் வீடு வீடாக விசாரித்துப் பம்பைக் கண்டுபிடித்தார்கள். இங்கே படிவம் போடும்போதே பம்பை எடுத்துவிட்டார்கள்.

படிவத்தில் இல்லாதது படத்தில் வராது. படத்தில் வராததற்கு நிதி வராது. நிதி வராத இடத்துக்குப் புகை மருந்து வண்டி வரும். டெங்கு கொசு வீட்டுக்குள் துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து பகலில் கடிக்கிறது. புகையோ சாயங்காலம் தெருவில் போகிறது, பின்னால் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடுகிறார்கள், முன்னால் நின்று கவுன்சிலர் போட்டோ எடுத்துக்கொள்கிறார். 2012-இல் அரசே நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் மலைவேம்புச் சாறும் சிபாரிசு செய்தது. அன்று தொடங்கியது, இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் அண்டாவும் பேப்பர் கப்பும் எல்லாக் கட்சிப் பேனரும் உண்டு. கஷாயத்தைக் குடித்துவிட்டு அந்தக் கப்பை எங்கே போடுகிறார்கள் என்று யாராவது பின்னால் போய்ப் பார்த்தால் நல்லது. அடுத்த மழையில் அதில் தண்ணீர் நிற்கும்.

குற்றாலம் இதிலும் தனிச் சிறப்பு. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஜூனில் சாரல் விழத் தொடங்கினால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் லட்சக்கணக்கில் வந்து நிற்கிறார்கள். காய்ச்சல் விகிதத்தை எதால் வகுப்பது? வாக்காளர் பட்டியலாலா, பார்க்கிங் டோக்கனாலா? டெங்குக் கொசு கடித்தால் நான்கிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். ராஜபாளையத்துக்காரர் குடும்பத்தோடு லாட்ஜில் தங்கி, எண்ணெய் தேய்த்து, மங்குஸ்தானும் நேந்திரம் சிப்ஸும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், அடுத்த வாரம் படுக்கிறார். பதிவேட்டில் ஏறுவது வீட்டு முகவரி. ராஜபாளையம் சிவக்கிறது, குற்றாலம் பச்சையாகவே இருக்கிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. லாட்ஜ் மொட்டைமாடித் தொட்டிக்கும், கடைகளுக்குப் பின்னால் குவிந்த சிரட்டைக்கும், வண்டி நிறுத்துமிடத்தில் கிடக்கும் பழைய டயருக்கும் தடையாணை ஏதும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. சாரல் அதையெல்லாம் இலவசமாக நிரப்பித் தருகிறது.

தப்பித்தவறி உள்ளூரிலேயே இரண்டு பேருக்குக் காய்ச்சல் பதிவானால் நிலைமை தலைகீழ். 2,000 பேர் உள்ள ஊரில் 2 பேர் என்றால் லட்சத்துக்கு 100. நாம் மேலே பார்த்த 45 நோயாளி ஊரைப்போல் இரண்டு மடங்கு சிவப்பு! சின்ன ஊர் என்பதாலேயே விகிதம் துள்ளிக் குதிக்கும். இதைச் சரிசெய்யப் புள்ளியியலாளர்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் கணக்கையும் கொஞ்சம் சேர்த்துச் சமன் செய்வார்கள். நேர்மையான முறை, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வியாபாரிகள் சங்கமும் அலுவலகமும் சேர்ந்து ஒரு முறை சமன் செய்ய ஆரம்பித்தால் தேனருவி மலைகூடத் தட்டையாகிவிடும். சீசன் நேரத்தில் காய்ச்சல் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்பது நம்மூரில் எழுதப்படாத ஆணை. கம்பெனிக் காலத்தில் துரைமார் உடம்பு தேற்றிக்கொள்ள வந்த ஊராயிற்றே!

எத்தனை பேர் விட்டுப்போகிறார்கள் என்று கேட்டால், விடை பக்கத்திலேயே இருக்கிறது. 2006-லிருந்து 2012 வரை இந்தியா அறிவித்த டெங்கு நோயாளிகள் ஆண்டுக்குச் சராசரி 20,474. டொனால்ட் ஷெப்பர்டும் அவரோடு சேர்ந்தவர்களும் மதுரை மாவட்டத்தில் ஆராய்ந்ததையும் நிபுணர்களின் மதிப்பீட்டையும் வைத்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கில் மருத்துவர் கண்ட டெங்கு நோயாளிகள் ஆண்டுக்கு 57,78,406. அறிவித்ததைப் போல 282 மடங்கு. ஒருவரை எண்ணினோம், 281 பேரை விட்டோம். இத்தனைக்கும் 1996-லிருந்து டெங்கு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். மதிப்பீடுதானே, கூடக் குறைய இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும். பாதியாகக் குறையுங்கள், அதிலும் பாதியாக்குங்கள், எழுபது மடங்கு மிச்சம். ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை குறைந்தால் ஊரே கூடி நிற்கிறது. 281 நோயாளிகள் குறைந்ததற்கு ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

சாவுக் கணக்கைப் பற்றி நிதானமாக எழுத என்னால் முடியவில்லை. நாட்டில் பதிவாகும் சாவுகளில் காரணம் மருத்துவரால் சான்றளிக்கப்பட்டவை 2020-இல் 22.5 சதவீதம். மிச்சம் எல்லாம் ‘போய்ச் சேர்ந்தார்’ கணக்கு. சான்று இருந்தாலும், டெங்குவில் தொடங்கி ரத்தம் கசிந்து ஒவ்வொரு உறுப்பாக நின்ற பிள்ளையின் காகிதத்தில் ‘பல உறுப்புச் செயலிழப்பு’ என்று கடைசி வரி மட்டும் இருந்தால் போதும், கொசு விடுதலை. உறுப்புகள் தாமாகவே வேலைநிறுத்தம் செய்துவிட்டன என்று தாயிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், தைரியம் இருந்தால்.

எல்லை விஷயத்தில் நமக்கு இருக்கும் ஒரே விழிப்பு மேற்கே பார்த்துத்தான். கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி நெற்றிக்கு நேரே கருவியை நீட்டுகிறோம். வேண்டியதுதான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரில் இருந்தது. எல்லை போய் எழுபது வருஷம் நெருங்குகிறது. பிரானூரில் பரோட்டாக் கடைகளுக்கு இன்றும் பார்டர் என்றுதான் பெயர். 1956 வரைக்கும் செங்கோட்டைக் காய்ச்சல் திருவனந்தபுரம் தலைவலி, அப்புறம் திருநெல்வேலித் தலைவலி, 2019-க்குப் பிறகு தென்காசித் தலைவலி. மூன்று ஆட்சியிலும் கடித்தது ஒரே வம்சத்துக் கொசு. அதனிடம் யாரும் ஆதார் கேட்கவில்லை. உள்ளூர் டிரம்மிலிருந்து எழும்புகிறதை விட்டுவிட்டு மலைக்கு அப்பாலிருந்து வருவதற்கு மட்டும் சாவடி போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வந்தால் பழி அவர்கள் மேல். வராவிட்டால் புகழ் நம் மேல்.

ஆள் இல்லை, பணம் இல்லை, தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1980-களில் வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் வடாற்காடு மாவட்டம் முழுக்க ஒரு நோய்க் கண்காணிப்பு நடத்திக் காட்டினார். கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் இல்லை. அச்சிட்ட தபால் அட்டை. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் எல்லோரும் இன்ன நோய், இன்ன ஊர் என்று எழுதித் தபாலில் போட்டார்கள். வந்ததைத் தொகுத்து மாதம் ஒரு மடல் திரும்ப அவர்களுக்கே போயிற்று. எழுதிப் போட்டவருக்குப் பதில் வந்ததால் மேலும் எழுதிப் போட்டார்கள். இன்றைக்கு இணையத் தளம் இருக்கிறது, தினமும் பதிவேற்றம் இருக்கிறது, கண்காணிப்புத் திட்டம் 2004-லிருந்து இருக்கிறது. பதிவேற்றியது எங்கே போகிறது என்று கீழே இருப்பவர்களிடம் கேட்டால் விரலை வானத்தைப் பார்த்துக் காட்டுகிறார்கள்.

இன்னொரு ஊரையும் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் குல்டார்ப் என்ற புள்ளியியலாளர் 1997-இல் ஒரு முறையை முழுமையாக எழுதி வெளியிட்டார். ஊர்ப்படத்தின் மேல் ஒரு வட்டத்தை நகர்த்திக்கொண்டே போவது, பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்ப்பது, எந்த வட்டத்துக்குள் நோயாளிகள் தற்செயலாக இருக்க முடியாத அளவுக்குக் கூடியிருக்கிறார்கள் என்று கணக்கிடுவது. அதற்கான மென்பொருள் இலவசம். 2015-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் லீஜியனேர் நிமோனியா பரவியபோது அந்த வட்டம்தான் முதலில் மணி அடித்தது. 138 பேர் நோயில் விழுந்தார்கள், 16 பேர் இறந்தார்கள். தேடிப்போனதில் ஒரு ஓட்டலின் குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரில் கிருமி. அந்த ஆகஸ்டிலேயே நகரத்தின் எல்லாக் குளிர்விப்புக் கோபுரங்களையும் பதிவு செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கே வட்டம் தண்ணீரில் போய் நின்றது. நம் வட்டம் வட்டாட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது.

வேண்டியது பெரிய படம் இல்லை. ஒரு தாள் போதும். வார்டு எண், அந்த வாரம் காய்ச்சலோடு வந்தவர்கள் எண்ணிக்கை தனியார் கிளினிக் கணக்கையும் சேர்த்து, எலைசா செய்தது எத்தனை, அதில் உறுதியானது எத்தனை, குழாயில் கடைசியாகத் தண்ணீர் விட்ட தேதி எது, அதற்கு முந்தின தேதி எது. யாருடைய பெயரும் வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம். கடைசி இரண்டு கட்டத்தையும் முதல் கட்டங்களுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும், வேறு துறையின் வேறு தாளில் போடக்கூடாது. ஒவ்வொரு நகராட்சி, பேரூராட்சி வாசலிலும் அதை வாரந்தோறும் ஒட்டட்டும். 2012-இன் கணக்கை வார்டு வாரியாகத் தோண்டியெடுத்துத் தென்காசி மாவட்டத்தின் பெயரிலேயே திரும்ப ஏற்றட்டும். அந்தப் பிள்ளைகள் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள்.

ஒட்ட மாட்டார்கள் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் ஊர் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ அனுப்புங்கள். கேள்வி இரண்டே: என் வார்டில் போன மாதம் எத்தனை பேருக்குக் காய்ச்சல்? அதே மாதம் எந்தெந்தத் தேதிகளில் தண்ணீர் விட்டீர்கள்? பதில் 30 நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தெருவுக்கு ஒருவர் அனுப்பினால் போதும். மாவட்டத்தின் உண்மையான வரைபடம் நம் கையிலேயே சேர்ந்துவிடும்.